ஊர்ப் பட்டியலும் 1910ஆம் ஆண்டின் அபின் பட்டியலும்



போன ஞாயிறு பின்னேரம் கீரிமலைப் பக்கம் ஒரு சனசமூக நிலையத்தில் கூட்டம் நடந்தது. போதைப்பொருள்தான் விடயம். ஆசிரியர்கள் நாங்கள் மூன்று பேர் போயிருந்தோம். மண்டபம் நிறைந்து வெளி விறாந்தையிலும் ஆட்கள் நின்றார்கள். மாவாப் பாக்கில் தொடங்கிக் கஞ்சா, ஹெரோயின், ஐஸ் என்று ஒவ்வொருவரும் கண்டதைச் சொன்னார்கள். கடைசியில் ஒரு பெரியவர் எழுந்து, "ஆர் ஆர் பாவிக்கிறாங்கள் எண்டு எங்களுக்குத் தெரியும்தானே. ஒரு பட்டியல் எழுதுவம். எழுதிக் கொடுப்பம்" என்றார். கை தட்டினார்கள். அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு ஒழுங்கையிலிருந்தும் பெயர்கள் வரவேண்டும் என்று முடிவானது. "சேர்மாருக்குத்தான் பெடியளை நல்லாத் தெரியும்" என்று சொல்லி எங்கள் பக்கமும் ஒரு வெறுந்தாளை நீட்டினார்கள்.

நாங்கள் அதை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிட்டோம். அங்கேயே சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

அந்தப் பெரியவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருடைய வீட்டில் என்ன நடக்கிறது என்பது ஊருக்கே தெரியும். ஆனால் பெயர்ப் பட்டியல் என்ற சொல் இந்த மண்ணில் சும்மா ஒரு சொல் அல்ல. சுற்றிவளைப்புக் காலத்தில் சாக்கை மூடிக்கொண்டு நின்ற தலையாட்டியின் முன்னால் வரிசையில் நடந்தவர்கள் அந்தக் கூட்டத்திலேயே பத்துப் பேராவது இருந்திருப்பார்கள். தலை ஆடியதா இல்லையா என்பதில் ஒருவனுடைய வாழ்க்கை தங்கியிருந்தது. வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் வீடு வளவை விட்டு ஓடினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் எங்கள் வீட்டாரும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்குப் போனார்கள். பட்டியலில் பெயர் இருந்தால் என்ன ஆகும், இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இரண்டு தரப்பும் அகதி முகாம்களில் படித்தவர்கள்தான்.

ஆனால் இந்தத் தீவில் வேறு மாதிரியான ஒரு பட்டியலும் இருந்தது. அதுவும் போதைப்பொருள் பட்டியல்தான். பயிற்சிக் கலாசாலையில் வரலாற்றுப் பாடத்தில் ஒரு விரிவுரையாளர் போகிறபோக்கில் சொன்ன விடயம் அது. பிறகு நாங்களாகத் தேடி வாசித்தோம்.

பிரித்தானியர் காலத்தில் இலங்கையில் அபின் கடையில் விற்ற பொருள். உரிமம் பெற்ற கடைகள் இருந்தன. அபின் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தது, அரசாங்கத்துக்கு அதில் வருமானம் கிடைத்தது. நாட்டு வைத்தியர்கள் வயிற்றோட்டத்துக்கும் நோவுக்கும் மருந்தில் சேர்த்தார்கள். மருந்து என்று தொடங்கி விடமுடியாமல் போனவர்களும், உடல் அலுப்புக்கு உருண்டையாக விழுங்கிப் பழகியவர்களும் இருந்தார்கள். 1867இலேயே அபினுக்கும் பங்குக்கும் ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. ஆனால் அது கடையை மூடவில்லை, ஒழுங்குபடுத்தியது மட்டும்தான். ஒழுங்குபடுத்தினால் வருமானமும் ஒழுங்காக வரும் அல்லவா!

19ஆம் நூற்றாண்டு முடியும்போது எதிர்ப்புப் பெருகியது. மதுவிலக்குக்காரரும் மதத் தலைவர்களும் கடைகளை மூடச்சொல்லி மனுக் கொடுத்தார்கள். உலகமும் மாறிக்கொண்டிருந்தது. சீனாவுக்கு அபின் விற்றுக் கொழுத்த பிரித்தானியாவின் பாராளுமன்றமே 1906 மே மாதத்தில், இந்திய - சீன அபின் வியாபாரம் ஒழுக்கத்துக்கு ஒவ்வாதது என்று தீர்மானம் போட்டது. அந்த அலை இங்கேயும் அடித்தது. 1907இல் இலங்கையில் அபின் பற்றி ஆராய ஒரு குழு அமைந்தது. அதன் பிறகு 1910இல் அபின் கட்டளைச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டம் செய்ததைக் கவனியுங்கள். கடைகளை மூடியது. இறக்குமதியைத் தனியாரிடமிருந்து பிடுங்கி அரசாங்கத்தின் கையில், அதாவது வைத்தியத் திணைக்களத்தின் கையில் கொடுத்தது. இனி யாரும் புதிதாகப் பழகக்கூடாது என்று கதவை அடைத்தது. ஆனால் ஏற்கெனவே பழகியவனை என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது, அவனைப் பிடித்து அடைக்கவில்லை. "வா, வந்து உன் பெயரைப் பதி" என்றது. அப்படிப் பதிந்தவருக்கு அளவு குறித்து, அரசாங்க மருந்துச்சாலையில் கொடுத்தார்கள். நாட்டு வைத்தியர்களும் தனியாகப் பதிந்து தங்கள் மருந்துத் தேவைக்குப் பெற்றார்கள். புதிய பெயர்கள் சேராததால் பட்டியல் ஆண்டுக்காண்டு சுருங்கியது. கிழவர்கள் இறந்தார்கள், சிலர் விட்டார்கள். 1929இல் நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் வந்தபோதும் பதிந்த பாவனையாளர் என்ற ஏற்பாடு தொடர்ந்தது. இன்றைக்கு நீதிமன்றத்தில் எங்கள் பெடியள்மீது வழக்கு வைப்பதும் இதே 1929ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான், பல திருத்தங்களோடு.

இதை ஒரு பொற்காலமாகக் காட்ட நாங்கள் வரவில்லை. வெள்ளைக்காரன் கருணையில் செய்தான் என்றும் சொல்லவில்லை. அபினைக் கொண்டுவந்து விற்றவனே அவன்தான். அன்றைய பாவனையாளரில் பெரும்பாலோர் விழுங்கியவர்கள், வயது போனவர்கள். இன்று எங்கள் முன்னால் நிற்பவன் பதினேழு வயதுப் பையன், ஊசியும் ஐசும். 1910ஐ அப்படியே எடுத்து இன்றைக்குப் போட முடியாது. நாங்கள் எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான். கடையும் ஆளும் வேறு வேறு என்று அந்தச் சட்டம் பிரித்துப் பார்த்தது. கடைக்குப் பூட்டு, ஆளுக்கு ஒரு கதவு. பெயரைக் கொடுத்தால் மருந்துச்சாலைக்குப் போகலாம் என்பதால் ஆட்கள் தாங்களாகவே வந்து பெயர் கொடுத்தார்கள்.

கள்ளிலும் இதே கதை உண்டு. 1912இல் மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்து கள்ளுத் தவறணைகள் பெருகியபோது தீவு முழுக்க மதுவிலக்கு இயக்கம் எழுந்தது. டி. எஸ். சேனநாயக்க, எப். ஆர். சேனநாயக்க போன்றவர்கள் பெயரெடுத்தது அந்த மேடைகளில்தான். பிறகு ஓர் ஊரில் தவறணை வேண்டுமா வேண்டாமா என்று ஊரவரே வாக்களித்துத் தீர்மானிக்கும் முறை வந்தது. அந்த வாக்கு தவறணைக்கு எதிரான வாக்கு. குடிக்கிறவன் பெயரை எழுதி யாரும் பெட்டியில் போடவில்லை. (தவறணை மூடிய ஊர்களில் களவாகக் காய்ச்சியது வேறு கதை. அதை எழுதினால் இந்தப் பதிவு முடியாது.)

வெளிநாட்டிலும் அந்தக் காலத்தில் இரண்டு வழிகள் பிரிந்தன. அமெரிக்கா 1914இல் ஹரிசன் சட்டம் கொண்டுவந்தது. அடிமைப்பட்டவருக்கு மருந்து எழுதிய வைத்தியர்களே குற்றவாளிகள் ஆனார்கள். பிரித்தானியாவில் 1926இல் ரோலஸ்டன் குழு, இது நோய், வைத்தியர் பார்க்கவேண்டிய விடயம் என்று அறிக்கை கொடுத்தது. எங்கள் நாடு அப்போது பிரித்தானிய வழியில் நின்றது.

வழி மாறியது எப்போது? 1980களில். சுற்றுலா பெருகிய காலத்தோடு ஹெரோயின் கொழும்புக்கும் தென்கரைக்கும் வந்தது. 1984இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையை அமைத்த 11ஆம் இலக்கச் சட்டம். மற்றது பழைய 1929 சட்டத்தைத் திருத்திய 13ஆம் இலக்கச் சட்டம். அந்தத் திருத்தம்தான் 2 கிராம் ஹெரோயின் வைத்திருந்தாலே மரணதண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்றது.  2022இல் ஐசையும் சேர்த்து, 5 கிராமுக்கு மேல் அதே தண்டனை என்றார்கள்.

சட்டம் கடுமையாக இருந்தால் பொருள் வராது என்று நினைப்போம். இலங்கையில் கடைசியாக ஒருவர் தூக்கிலிடப்பட்டது 1976 ஜூனில். தூக்கு நடைமுறையில் இல்லாதபோதும் தீர்ப்பு மட்டும் எழுதப்பட்டுக்கொண்டே இருந்தது. 2019இல் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன போதைப்பொருள் கைதிகள் நால்வருக்கு மரணதண்டனை நிறைவேற்றக் கையெழுத்து வைத்தார். உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. இத்தனைக்கும் பிறகு, 1984இல் தீபகற்பத்தில் யாரும் பெயர்கூடக் கேட்டிராத ஐஸ் இன்று எங்கள் பாடசாலை மதில் வரை வந்திருக்கிறது.

பத்திரிகையில் வரும் செய்தியைக் கொஞ்சம் நின்று வாசித்துப் பாருங்கள். "40 மில்லிகிராம் ஹெரோயினுடன் இளைஞன் கைது", "70 மில்லிகிராமுடன் இருவர் கைது". ஒரு கிராமில் ஆயிரம் மில்லிகிராம் என்று ஆறாம் வகுப்பில் படிப்பிக்கிறோம். சட்டத்தின் பெரிய கோடு இரண்டாயிரம் மில்லிகிராமில் இருக்கிறது. பிடிபடுகிறவன் நாற்பதில் இருக்கிறான். அவன் வியாபாரி அல்ல. அன்றைய ஊசிக்கு வாங்கியவன். வள்ளத்தில் கொண்டுவருகிறவனின் படம் பத்திரிகையில் வருவது எப்போதாவதுதான்.

2007இல் போதைக்கு அடிமைப்பட்டோரின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் என்று 54ஆம் இலக்கச் சட்டம் வந்தது. தானாக விரும்பிச் சிகிச்சைக்குப் போகவும் அதில் இடமுண்டு, நீதிமன்றம் கட்டாயமாக அனுப்பவும் இடமுண்டு. நடைமுறையில் ஊருக்குத் தெரிந்தது இரண்டாவது வழிதான். கந்தகாடு என்ற பெயரை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். யுத்தம் முடிந்தபின் முன்னாள் போராளிகளைப் புனர்வாழ்வு என்று வைத்திருந்த இடம், பிறகு போதைப்பொருள் பாவனையாளருக்கானது. ஆயுதம் எடுத்தவனுக்கும் ஊசி எடுத்தவனுக்கும் ஒரே மருந்து! 2022 ஜூனில் அங்கே ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து குழப்பம் வெடித்து நூற்றுக்கணக்கானோர் வேலியை உடைத்துக்கொண்டு ஓடினார்கள். சிகிச்சை நிலையத்திலிருந்து நோயாளிகள் கூட்டமாக வேலி உடைத்து ஓடுவார்களா என்று நாம் யாரும் கேட்கவில்லை.

பிறகு 2023 டிசம்பரில் யுக்திய நடவடிக்கை தொடங்கியது. சில வாரங்களுக்குள் 29,000க்கு மேற்பட்டோர் கைது. 2024 ஜனவரியில் ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் அதை நிறுத்தும்படி கேட்டார்கள். அப்போதும் பொலிஸ் நிலையங்களில் பெயர்ப் பட்டியல்களை வைத்துத்தான் வீடு வீடாகப் போனார்கள். அந்தப் பட்டியலில் ஒருமுறை ஏறிய பெயர், ஆள் விட்டு மூன்று வருடம் ஆனாலும் இறங்குவதில்லை. 1910இன் பட்டியலில் ஆள் விட்டால் பெயர் போகும்.

எங்கள் பட்டியலையும் சொல்லத்தான் வேண்டும். வகுப்பு வரவுப் பதிவேடும் ஒரு பட்டியல்தானே. எங்களிடம் படித்த ஒரு பையன். கணக்கில் கெட்டிக்காரன். சாதாரண தரப் பரீட்சைக்கு முதல் வருடம் வரவு குறைந்தது. வந்த நாளிலும் மேசையில் தலை வைத்துப் படுத்தான். கண்டித்தோம், பெற்றோரைக் கூப்பிட்டோம். தகப்பன் இல்லை, தாய் மட்டும். அவ வேலைக்குப் போகிற இடத்தில் லீவு கேட்கப் பயந்து வரவில்லை. தொடர்ந்து வராததால் ஒரு தவணை முடிவில் பெயரை வெட்டினோம். விதிப்படி செய்தோம். சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. அவன் மேசன் வேலைக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டு, பரவாயில்லை, உழைக்கிறான் என்று நினைத்துக்கொண்டோம்.

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு ஒருநாள் பாடசாலை விட்டபின் அந்தத் தாய் வந்தா. "சேர், அவன் ஊசி போடுறான். தானே விடப்போறன் எண்டு அழுகிறான். ரெண்டு நாள் இருக்கிறான், மூண்டாம் நாள் சத்தியும் வயித்துக் குத்தும் எண்டு சுருண்டு கிடந்திட்டு ஓடிப்போறான். எங்க சேர் கொண்டுபோறது?" என்று கேட்டா. "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பொலிசுக்குச் சொல்லுவினமே?" என்றும் கேட்டா.

எங்களுக்குப் பதில் தெரியாது. உண்மையைச் சொல்கிறோம், தெரியாது. பட்டம், பயிற்சி, செயலமர்வு எல்லாம் முடித்த மூன்று ஆசிரியர்கள் ஒரு தாய்க்கு முன்னால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். "விசாரிச்சுச் சொல்லுறம் அம்மா" என்று அனுப்பினோம். விசாரித்து முடிக்க முதல் அவன் பிடிபட்டுவிட்டான். மில்லிகிராம் கணக்குத்தான். விளக்கமறியலுக்குப் போய் வந்தான். வந்து நாலாம் நாள் பழைய அளவையே போட்டு மயங்கிக் கிடந்தவனைப் பக்கத்து வீட்டார் கண்டதால் உயிர் மிஞ்சியது.

பிறகுதான் வாசித்து அறிந்தோம். ஹெரோயினை விட்டவுடன் வரும் வாந்தியும் குத்தும் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரமளவில் தணிந்துவிடும். அந்தத் தாய் சொன்ன மூன்றாம் நாள்தான் அந்த உச்சம். வைத்தியரின் பார்வையில் இருந்தால் அதைத் தாண்டலாம். அடைபட்டு வெளியே வருகிறவனின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. வெளியே வந்த முதல் நாட்கள்தான் சாவு வரும் நாட்கள். ஒரே ஊசியை நாலு பேர் மாற்றிப் போட்டால் எச்.ஐ.வி.யும் ஈரல் அழற்சியும் ஒழுங்கை முழுக்கப் போகும். ஐசுக்கு மெதடோன் போன்ற மாற்று மருந்து இல்லை. அதற்கு நித்திரை, சாப்பாடு, ஆலோசனை, கூட இருக்க ஆள், நீண்ட காலம். இதில் ஒன்றுகூட அடித்துத் திருத்துகிற விடயம் அல்ல.

எங்கள் சமூகத்து உறவுகள் சிலர், "போதை ஹராம், அதில் என்ன மருந்து, மாயம்" என்று கேட்பார்கள். ஹராம்தான், அதில் எங்களுக்கு இரண்டு பேச்சு இல்லை. ஆனால் மலேசியாவைப் பாருங்கள். அங்கே தூக்குத் தண்டனைச் சட்டமும் இருந்தது, கட்டாய முகாம்களும் இருந்தன. ஊசியால் எச்.ஐ.வி. பரவியபோது 2005இல் மெதடோன் கொடுக்கத் தொடங்கினார்கள். நாளுக்கு ஒரு முறை வைத்தியர் முன்னால் குடிக்கும் மருந்து அது. ஹெரோயின் இல்லாமல் வேலைக்குப் போகலாம். 2010இல் கோலாலம்பூர் அர்-ரஹ்மான் பள்ளிவாசலிலேயே, மலாயாப் பல்கலைக்கழக வைத்தியர்களோடு சேர்ந்து, அந்த மருந்தைக் கொடுத்தார்கள். தொழுகைக்கு வருகிற வாசலால் நோயாளியும் வந்தான். ஈரான் சிறைச்சாலைக்குள்ளேயே மெதடோன் கொடுத்த நாடு. மது ஒரே நாளில் அல்ல, கட்டம் கட்டமாகத் தடுக்கப்பட்டது என்பதை மதரசாவில் ஓதிய சின்னப் பிள்ளையும் சொல்லும். போர்த்துக்கல் 2001இலிருந்து பத்து நாள் பாவனைக்கு உட்பட்ட அளவோடு பிடிபட்டவனை நீதிமன்றத்துக்கு அல்லாமல், சட்டம் தெரிந்தவரும் சுகாதாரத் துறையினரும் இருக்கும் சபைக்கு அனுப்புகிறது. விற்றவனுக்கு அங்கேயும் சிறைதான்.

தூரத்துக்கு ஏன் போவான்? கீரிமலை என்றாலே என்ன? கீரி முகத்தோடு வந்த நகுல முனிவரும் குதிரை முகத்தோடு வந்த மாருதப்புரவீகவல்லியும் இந்தக் கேணியில் முழுகி முகம் மாறினார்கள் என்று எங்கள் வகுப்புப் பிள்ளைகள் எங்களுக்கே கதை சொல்லித் தருகிறார்கள். நோயோடு வந்தவரைத் தண்ணீரில் இறக்கிய ஊர் இது.

அந்தத் தாய்க்கு அன்று சொல்லத் தெரியாததை இப்போது சொல்கிறோம். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கீரிமலையிலிருந்து ஓட்டோவில் போகிற தூரம். 1926 என்ற எண்ணுக்கு அடித்தால் தேசிய மனநல உதவிச் சேவை. பெற்றோர் மட்டும் போயும் முதலில் கதைக்கலாம், பையன் கட்டாயம் கூட வரவேண்டும் என்றில்லை.

வருகிற ஞாயிறு நாலு மணிக்கு அடுத்த கூட்டம். விற்கிற இடம், விற்கிற ஆள் பற்றித் தெரிந்தால் அதை எழுதிக் கொடுக்க எங்களுக்கு ஆட்சேபனை இல்லை. பாடசாலை வாசலில் மாவா விற்கும் கடையை முதலாவதாக நாங்களே எழுதுவோம். பாவிக்கிற பிள்ளையின் பெயரை எழுதமாட்டோம். அதற்குப் பதிலாக வேறொரு பட்டியல் கேட்கப்போகிறோம்: கிளினிக் நாளில் தன் ஓட்டோவைத் தரக்கூடியவர்கள், ஒரு தாயோடு கூடப் போய் வரிசையில் நிற்கக்கூடியவர்கள், திரும்பி வந்த பெடியனுக்கு ஆறு மாதம் வேலை கொடுக்கக்கூடிய மேசன்மார். இந்தப் பட்டியலில் முதல் மூன்று பெயர்கள் எங்களுடையவை. கூட்டத்தில் தந்த அதே தாளில்தான் எழுதியிருக்கிறோம்.

அந்தத் தாயும் வாறதாகச் சொல்லியிருக்கிறா. மகனையும் கூட்டி வரலாமா என்று கேட்டா. கூட்டி வாருங்கோ என்று சொல்லியிருக்கிறோம்.